எங்கள் ஏரிக்கு வந்த சோழர் காலம்

ஊரில் பெரிய மனிதர்கள் என்று பெயரெடுத்த பதினோரு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரியைப் பார்க்க வந்தார்கள். மோட்டார் படகில் ஒரு சுற்று, பிறகு காட்டுக்குள் அரை மைல் நடை, திரும்பி வந்து அணைக்கட்டு பங்களாவில் சாப்பாடு. அவர்களுடைய சங்கத்திலிருந்து வந்த கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. காட்டுப் பாதை முடிகிற இடத்தில் மரத்தடியில் இருக்கும் ‘புராதன சிவலிங்கத்தை’ எடுத்துப் போய்த் தங்கள் சங்கக் கட்டடத்தில் வைக்கப் போவதாகவும், கூடவே வந்து வழிகாட்டி, அதற்கு வேண்டிய உதவியை நான் செய்து தரவேண்டும் என்றும் கண்டிருந்தது. எங்கள் வெள்ளைக்காரத் துரை சம்மதம் என்று கடிதத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு அது ஒரு கல், அவ்வளவுதான்.

அது கல்லும் இல்லை. அதை நான் அறிவேன்.

அணைக்கட்டில் தினமும் தண்ணீரின் அளவைப் பார்த்துப் புத்தகத்தில் குறிக்கிற கிராணி வேலை எனக்கு. படித்தது ஏழாவது வரைதான். அந்த வேலையை நான் விரும்பியதற்கு ஒரே காரணம், தண்ணீர் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் எதிரே வந்து நின்றால், வாய்க்குள் நாக்கு இருப்பதே எனக்கு மறந்து போகும். நாற்பது வயதுக்கு மேல் அது மாறுகிற வியாதியல்ல.

நான் வேலைக்கு வந்தபோது அங்கே ஏரி இல்லை. ஒரு ஓடையும் காடும்தான் இருந்தன. அணை கட்டுவதற்காகக் காட்டை அழித்தபோது மரம் விழுந்து ஓர் ஆள் செத்தார். மலாய் நாட்டுக்குக் காடு வெட்ட வந்த நம் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த இடத்தில் ஒரு மரத்தை வெட்டாமல் விட்டு, அதன் அடியில் முனியாண்டிக்கு ஒரு கல் நடுவார்கள். நட்டால் அடுத்த சாவு விழாது என்று நம்பிக்கை. அந்தப் பக்கத்தில் களிமண்ணைத் தவிர வேறொன்றும் கிடையாது. லாரியில் வந்த கருங்கல்லில் ஒன்றைத் தர, ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் மறுத்துவிட்டார். அப்போது நான் சிமெண்டுக் கொட்டகையில் இருந்தேன். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் கொஞ்சம் கலவையை உருளையான இரும்பு அச்சில் வார்த்து, இறுகிய பிறகு இயந்திரத்தில் வைத்து உடைப்பார்கள். உடைக்காமல் மிஞ்சிய கட்டி ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தேன். முழங்கால் உயரம் இருக்கும். பாதியை மண்ணில் புதைத்து நட்டார்கள்.

எட்டு வருஷ எண்ணெயும் சந்தனமும் ஏறி அது கறுத்துப் பளபளத்தது. பாசி பிடித்தது. வேர் சுற்றிக்கொண்டது. மீன் பிடிக்க வந்த சங்கக் காரியதரிசி அதைப் பார்த்துவிட்டுப் போய்த் தலைவரிடம் சொன்னார். தலைவர் நேரில் வந்து பார்க்காமலே அது சோழர் காலத்தது என்று முடிவு செய்து, பத்திரிகைக்கு ஒரு கட்டுரையும் எழுதிவிட்டார். அவர் ஓர் அலுவலகத்தில் தலைமைக் கிராணி. அங்கே அவர் எழுதியதை யாரும் திருத்துவதில்லை என்று கேள்வி.

கடிதம் வந்த செய்தி கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தெரிந்ததும், செத்தவரின் மனைவி என் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றாள். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே விளக்கு வைப்பவள் அவள்தான்.

“கிராணி, அதத் தூக்கிட்டுப் போக வுட்றாதீங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்றாள்.

பார்க்கலாம் அக்கா என்று சொல்லி அனுப்பினேன். பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். துரைக்கு மூன்று தடவை கடிதம் எழுதி மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். அது சிமெண்டு என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். எழுத முடியவில்லை. எட்டு வருஷமாக அவள் கும்பிடுவது ஆபீஸ் கழித்துப்போட்ட கட்டி என்பது அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கினேன். அதை நான் இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மோட்டார் காரில் வந்து இறங்கினார்கள். எல்லோர் காலிலும் வெள்ளைக் காலுறை. காட்டில் அட்டை இருக்கிறது, புகையிலையும் சவர்க்காரமும் குழைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்திருக்கிறேன், காலில் பூசிக்கொள்ளுங்கள் என்று காரியதரிசியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அந்தச் சிரட்டையை மோந்து பார்த்துவிட்டு, நாங்கள் என்ன கூலிகளா என்று கேட்டார். நான் சிரட்டையை என் பெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டேன்.

வழிகாட்டி நான் என்று கடிதத்தில் இருந்ததே தவிர, படகு நகர்ந்ததும் தலைவர் எழுந்து முன்பக்கத்தில் நின்றுகொண்டார். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்ற பட்ட மரங்களைக் காட்டி, அவை ஆயிரம் வருஷத்து மரங்கள், அக்காலத்து அரண்மனைத் தோட்டத்தில் நின்றவை என்றார். அந்த மரங்களில் பச்சை இலை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். பிறகு அவர் ஏரியின் வடிவத்தைப் பற்றிப் பேசினார். இப்படி வளைத்து ஏரி வெட்டுகிற நுட்பம் நம் முன்னோருக்கு மட்டுமே தெரிந்தது என்றார். கூட வந்தவர்கள் அணைக்கட்டுக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு, அதன் படிகளில் ஏறித்தான் படகுக்கு வந்திருந்தார்கள். ஆனாலும் ஒருவர்கூட அது யார் கட்டிய அணை என்று கேட்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பெழுதிக்கொண்டார்.

படகு ஓட்டிய மலாய்க்காரர், அந்தப் பெரியவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். இந்த ஏரி ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்கிறார் என்றேன். மலாய்க்காரர் வேலைக்குச் சேர்ந்தது எனக்கும் பிந்தி. அவர் தண்ணீரைப் பார்த்துவிட்டு, அப்படியானால் ஆயிரம் வருஷமாக எனக்குச் சம்பள உயர்வு வராதது தப்புதான் என்றார். நான் இயந்திரத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே வீரம் அதுவரை அதுதான்.

காரியதரிசி மட்டும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். முதலை உண்டா என்றார். இல்லை என்றேன். அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. தலைவர் அங்கிருந்தே, ஒரு காலத்தில் இருந்தது என்றார்.

அக்கரையில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். அது என் பாதை. மழைமானியைப் பார்க்க வாரம் ஒருமுறை போகிற பாதை. அங்கே பேசாமல் நடந்தால் கேட்க எவ்வளவோ இருக்கும். தலைவர் பேசாமல் நடக்கவில்லை. பிரம்புக் கொடியைக் காட்டி வெற்றிலை என்றார். மரத்தில் பால் வடிந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, இதுதான் சாம்பிராணி, முகர்ந்து பாருங்கள் என்றார். மற்றப் பத்துப் பேரும் வரிசையாக வந்து மூக்கை நீட்டினார்கள். அதற்குள் முதல் அட்டை ஏறிவிட்டது. வெள்ளைக் காலுறையில் சிவப்புப் பூத்ததும் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று குதித்தார். மற்றவர்கள் தங்கள் காலைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு காட்டை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

மரத்தடியை அடைந்தபோது லயத்து ஆட்கள் இருபது பேர்போல அங்கே நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லை. பின்பக்கத்துச் சுற்றுப் பாதையில் வந்திருந்தார்கள்.  விளக்கு வைக்கிற அக்கா கட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

தலைவர் அதைப் பார்த்ததும் கைகூப்பினார். பிறகு திரும்பி, சோழர் பிரதிஷ்டை செய்த மூர்த்தியின் முன்னால் சப்பாத்தோடு நிற்கலாமா என்று எல்லோரையும் கேட்டார். அட்டை நெளிகிற ஈரச் சருகின் மேல் பதினோரு பேரும் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு நின்றார்கள். அவர் கால் மணி நேரம் பேசினார். கடாரம் என்றார், கப்பற்படை என்றார். கேட்டவர்கள் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்கள். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னப்பா கிராணி, ஆட்களை விட்டு எடுக்கச் சொல்லும். சாக்கில் சுற்றிப் படகில் ஏற்றவேணும். உடையாமல் பார்த்துக்கொள்ளும்.”

அவள் என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “அது சிமெண்டுங்க ஐயா” என்றேன். மிகவும் மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லவேண்டி வந்தது. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

அவர் சிரித்தார். சோழர்கள் சுண்ணாம்பையும் வெல்லத்தையும் கலந்து வார்த்த காரை இன்றைய சிமெண்டைவிட உறுதியானது, பார்க்கவும் அப்படித்தான் இருக்கும், படித்தவர்களே ஏமாந்து போவார்கள் என்றார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

“அடியில நம்பர் இருக்குங்க” என்றேன். அச்சிலிருந்து எடுக்குமுன், ஈரம் காயாத கட்டியில் ஆணியால் எண் கீறுவது அப்போது என் வேலை. “நாந்தான் எழுதினேன். என் கையெழுத்துங்க.”

சிரிப்பு நின்றது. அப்படியானால் எடுத்துக் காட்டும் என்றார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எடுக்காமல் காப்பாற்றத்தானே வாயைத் திறந்தேன். நட்டுவைத்த சாமியை நானே பிடுங்கிக் காட்டவேண்டும் என்கிறார். இருபது பேர் நிற்கிறார்கள். நான் அவளிடம், மன்னிச்சிடுங்க அக்கா, சிமெண்டுன்னு நான் சொல்லியிருக்கக்கூடாது என்று ஏதோ உளறினேன்.

அவள் ஓர் ஆளின் கையிலிருந்த இரும்பு அலவாங்கை வாங்கினாள். என்னிடம் தரவில்லை. அவளே வேரை விலக்கி, பக்கத்தில் குத்தி நெம்பினாள். இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். கட்டி சாய்ந்து புரண்டது. அவள் முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். இருபத்திரண்டு. என் இரண்டுகள் எப்போதும் வாத்து மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வாத்தும் அப்படியே இருந்தன.

தலைவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறவே இல்லை. அதற்கு ஒரு திறமை வேண்டும்.

“சரி. அப்படியென்றால் அசலை எங்கே வைத்தீர்கள்?” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் விளக்கினார். இந்த இடத்தில் ஒரு சோழ லிங்கம் இருந்தது உறுதி, கட்டுரையே வந்துவிட்டது. அதை லயத்து ஆட்கள் எடுத்து ஒளித்துவிட்டு, பதிலுக்கு இந்தச் சிமெண்டைச் செய்து நட்டிருக்கிறார்கள். போலீசுக்கு எழுதவேண்டி வரும்.

“அசலு இதாங்க” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “இதுக்கு மணல் சலிச்சது நானு. இந்த எடத்துலதான் எம் புருசன் வுழுந்து கெடந்தாரு. அதுக்கு முன்னால இங்க ஒண்ணும் இல்ல, வெறுங்காடு. வேணும்னா தோண்டிப் பாருங்க, அலவாங்கு தரேன்.”

அலவாங்கை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் குனிந்து சப்பாத்தைத் தேடத் தொடங்கினார். அதைப் பார்த்து இன்னொருவர் தேடினார். கால் நிமிஷத்தில் பதினோரு பேரும் குனிந்திருந்தார்கள். காலுறைக்குள் ஏறியிருந்த அட்டைகளைப் பற்றி நான் எச்சரிக்கவில்லை.

திரும்பும்போது படகில் யாரும் சரித்திரம் பேசவில்லை. சாப்பாட்டில் கோழி உறைப்புப் போதவில்லை என்று மட்டும் பேச்சு நடந்தது. போலீசுக்கு யாரும் எழுதவில்லை. ஒரு மாதம் கழித்துப் பத்திரிகையில் தலைவரின் இரண்டாவது கட்டுரை வந்தது. அறியாமையால் அழிந்த சின்னம் என்று தலைப்பு. அதைக் கிராணி யாராவது வாசித்துத் திருத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் திருத்தவில்லை, மடித்து வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அவர்கள் கார் ஏறிப் போன பிறகு நான் மறுபடி அக்கரைக்குப் போனேன். மழைமானியைப் பார்க்கவேண்டும் என்று மலாய்க்காரரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்ப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

கட்டியைத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை தலைகீழாக. எண் மேலே இருந்தது. சாமி தலையில் நம்பரா என்று ஒரு கங்காணி சலித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. அடுத்த தடவை கோட்டுப் போட்டு வருகிறவர் குனிய வேண்டாம், நின்றபடியே படிக்கட்டும் என்றாள். இருபத்திரண்டின் மேல் எண்ணெய் வைத்து, கீழே குங்குமம் இட்டாள்.

நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

“சிமெண்டுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?” என்றாள். “இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே தொரைகிட்ட சொல்லியிருக்கலாமே கிராணி. ரெண்டு மாசமா சோறு எறங்கல எனக்கு.”

 மழைமானியைப் பார்க்கப் போகவேண்டும் என்று அவளிடமும் சொன்னேன்.