எங்கள் வீட்டு மாதக் கடைசி

இன்று பதினொரு மணிக்கு எனக்கு ஆன்லைனில் வேலை நேர்காணல். எங்கள் தெருவில் போன் சிக்னல் கிடையாது. அதனால் மாதம் முழுவதும் ஒரு வீடியோகூடப் பார்க்காமல் வீட்டு நெட்டை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன்.

ஒன்பதரைக்குப் பார்த்தால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

அம்மாவும் நானும் மில்லர்புரத்தில் உள்ள நெட் ஆபீஸுக்கு ஓடினோம். அங்கிருந்த அண்ணாச்சி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஏளா, மாச டேட்டா பூரா காலி. மூணு நாளா விடாம ஓடியிருக்கு. வீட்ல தியேட்டரா வச்சிருக்கிய?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "நாந்தான் டிவியில படமா ஓட விட்டேன். மாசக் கடைசில்லா? வாங்காத ரேசன் சீனி மாதிரி மிச்சம் போயிருமே" என்றாள்.

"யக்கா, ஒங்க பிளானுக்கு மாசம் பத்தாந்தேதிதான் முடியும்."

கூடுதல் டேட்டா போட்டாலும் வீட்டில் நெட் வர மதியமாகிவிடும் என்று அண்ணாச்சி தன் நாற்காலியையே எனக்குத் தந்தார். நேர்காணல் அங்கேயே நடந்தது. நடுவில், "பின்னால் யார் பேசுவது?" என்று கேட்டார்கள்.

பில் கட்ட வந்தவர்களிடம் அம்மா, "மொதல்ல ஒங்க மாசம் என்னைக்கு முடியுதுன்னு கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கஸ்டமர் சர்வீஸ்" என்றேன்.

முடிவு மெயிலில் வருமாம். அதுவரை சொல்லுங்கள், உங்கள் வீட்டு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது?