ஒன்றை அழுத்திய நோயாளி

துணி மடிப்பது அந்த வீட்டில் மாமாவின் வேலை. காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி, மூலையோடு மூலை சேர்த்து, உள்ளங்கையால் நீவி நீவி அடுக்குவார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை விழுந்த பிறகு விரல்களாலேயே ஓரம் கண்டுபிடித்தார். காலுறைகளில்தான் கோட்டைவிடுவார்; கறுப்பும் கருநீலமும் ஜோடி சேர்ந்துவிடும். மருமகள் அதை அப்படியே மாட்டிக்கொண்டு ஆபீஸ் போவாள். வேறு யாராவது செய்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

ஏனென்றால் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒரு கண் மருத்துவமனைக்கு, நோயாளிகள் வீட்டிலிருந்தே நேரம் பதிவு செய்துகொள்ளும் இணையதளத்தை அவள் ஆபீஸ் உருவாக்கிக்கொண்டிருந்தது. எழுதித் தருகிற எல்லாவற்றிலும் நொட்டை சொல்வதால் புரோகிராமர்கள் அவளுக்கு 'நொட்டைக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் முகம் சுருங்கியது. பிறகு, ரெண்டு நாள் யாரும் அப்படிக் கூப்பிடாவிட்டால் உடம்பு சரியில்லையா என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

"இந்த வேலையை ஆஸ்பத்திரிக்காரங்க ஏத்துக்கிட்டதும் லீவு போட்டு நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன் மாமா. அங்கயே கண்ணைக் காட்டிடலாம்," என்று சொல்லியிருந்தாள். கணவனுக்குக் கப்பல் வேலை, வருடத்தில் பாதி கடல்மேல். அவள்தான் கூட்டிப் போக வேண்டும். மாமாவும் "ஆகட்டும்மா, அவசரமா என்ன?" என்றார். அப்போது அவருக்கு எதிரில் வருவது ஆணா பெண்ணா என்றாவது தெரிந்தது.

ஒவ்வொன்றையும் கையால் தட்டித் தட்டி மணிக்கட்டு வீங்கிய பிறகு, சோதனை தானாகவே நடக்கும் ஏற்பாட்டை அவளே செய்தாள். அதற்கென்று தனி சர்வர். அதற்குள் கற்பனை டாக்டர்களும் கற்பனை நோயாளிகளுமாக ஒரு முழு மருத்துவமனை. காலையில் ஒரு ரோபோ எழுந்து, நோயாளி மாதிரி உள்ளே போய், கண் பரிசோதனைக்கு நேரம் பதிவு செய்யும். டாக்டரின் திரையில் 'நோயாளியின் பதிலுக்குக் காத்திருக்கிறது' என்று வந்திருக்கிறதா பார்க்கும். இன்னும் என்னென்னவோ சோதித்துவிட்டு, கடைசியில் வந்த சுவடே தெரியாமல் அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டுப் போகும். எல்லாம் சரியென்றால் பச்சை விளக்கு. எங்கேயாவது பிசகினால் சிவப்பு. தொடர்ந்து பச்சையாக இருந்தால்தான் மருத்துவமனை வேலையை ஏற்கும்.

சில காலைகளில் சிவப்பு வந்தது. மறுபடி ஓட்டினால் பச்சை. ஏற்கும் தேதி தள்ளிப்போனது, கூடவே மாமாவின் கண்ணும்.

"உங்க ரோபோவுக்குப் பேய் பிடிச்சிருக்கு நொட்டைக்கா," என்றான் எதிர்மேசைப் புரோகிராமர்.

"நீ எழுதினதைப் படிச்சா எதுக்குத்தான் பிடிக்காது?"

வீட்டிலும் ஒன்று அவளுக்குப் புரியவில்லை. காலையில் அவள் குளித்துவிட்டு வரும்போது மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தலை வாரி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "எங்க மாமா கிளம்பிட்டீங்க?" என்றால், "சும்மாதாம்மா." அவள் செருப்பு மாட்டும் நேரத்தில் பழைய பனியனுக்கு மாறியிருப்பார். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் அலமாரிக்குத் திரும்பியிருக்கும்.

அன்று மறுபடியும் சிவப்பு. இந்தத் தடவை அவள் ரோபோ எடுத்து வைத்த ஒவ்வோர் அடியையும் நிதானமாகப் படித்துக்கொண்டு போனாள். டாக்டரின் திரையில் வேறு வாசகம் இருந்தது: 'நோயாளி வருகையை உறுதி செய்துவிட்டார்.'

எந்த நோயாளி? அந்த மருத்துவமனையில் உயிரோடு ஒருத்தர்கூடக் கிடையாதே.

பதிவானதும் போகும் குறுஞ்செய்தியில், வருவதாக இருந்தால் ஒன்று என்ற எண்ணை அழுத்தி அனுப்பச் சொல்லியிருக்கும். யாரோ அனுப்பியிருந்தார்கள். எண்ணைப் பார்த்தாள். தினமும் மத்தியானம் "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்க அவள் கூப்பிடும் எண்.

காய்ச்சலில் வீட்டிலிருந்து வேலை செய்த நாள் ஞாபகம் வந்தது. செய்தி நிஜமாகவே போகிறதா என்று பார்க்க ஒரு போன் வேண்டியிருந்தது. அவளுடையது சார்ஜில் கிடந்தது. மாமாவுடையது கைக்கெட்டும் தூரத்தில். ரோபோ நோயாளிக்கு அந்த எண்ணைப் போட்டாள், போன் கிணுங்கியது, சந்தோஷப்பட்டாள். திரும்ப எடுக்க மறந்துபோனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவருக்கு நேரம் கொடுத்து, ஒவ்வொரு காலையும் அதைப் பிடுங்கியிருக்கிறாள். ரோபோ டாக்டரின் திரைக்குப் போவதற்குள் அவர் விரல் ஒன்றாம் எண்ணைத் தேடிப் பிடித்த நாட்களில் சிவப்பு. கண் தடுமாறிய நாட்களில் பச்சை.

"என்னக்கா, பேய் சிக்கிச்சா?"

"எங்க மாமாடா," என்றாள். அவன் சிரிக்க வாய் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

எண்ணை மாற்றினாள். செய்திகள் வெளியே போகாமல் சர்வருக்குள்ளேயே விழும்படி செய்தாள். பச்சை வருகிறதா என்று பார்க்க நிற்கவில்லை. படிக்கட்டுக்குப் போய் மருத்துவமனைக்கு போன் போட்டாள். பிறகு மேலாளரிடம் நாளைக்கு வரமாட்டேன் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

சாயங்காலம் மாமா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க போனுக்கு ஆஸ்பத்திரி மெசேஜ் வருதா?"

"வரும். கண்ணுகிட்ட வச்சு எழுத்துக்கூட்டிப் பாப்பேன். அப்புறம் இல்லைன்னும் வரும்."

"அது நான் அனுப்பலை மாமா. மெஷின். எங்க ஆபீஸ் ஒத்திகை. தெரியாம உங்க நம்பர் மாட்டிக்கிச்சு."

அவர் துண்டை நீவினார். "அதானே பாத்தேன்! இவ்வளவு ஒழுங்கா நம்ம வீட்ல யாரு வேலை செய்யறா?" சிரித்தார். "நீதான் நேரம் வாங்கிட்டு, லீவு கிடைக்காம ரத்து பண்றேன்னு நினைச்சேன். பாவம், புள்ள தினமும் யார்கிட்டயோ கெஞ்சுதேன்னு..."

"நாளைக்குப் போறோம். நானே போன் பண்ணி வாங்கினது."

"ஒண்ணு அழுத்தணுமா?"

"வேணாம் மாமா."

"ரத்துன்னு எத்தனை மணிக்கு வரும்?"

"வராது மாமா." மடித்து வைத்த காலுறை ஜோடியைப் பிரித்தாள், மறுபடி அப்படியே சேர்த்தாள். "தினமும் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மாமா அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, இல்லாத ஒரு சுருக்கத்தை விரலால் தேடினார். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைத் தொட்டபடி, இஸ்திரிப் பெட்டி இருக்கும் அறைக்குப் போனார்.