கயிறு இல்லாமல் இறங்கிய வீரபத்திரன்

சன்னாசி அண்ணன் போய்விட்டார். குளவி கொட்டி.

காலையில் தங்கச்சி எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கால் பண்ணிச் சொன்னாள். கொழும்பில், நான் வேலை செய்யும் கடைக்குப் பின்னால் நின்று கேட்டேன். கேட்ட வேகத்தில் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். வலது கை வீங்கிவிட்டது. இடது கையால்தான் டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. பகலில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலை வெட்டுவார். மாசி வந்தால் காமன் கூத்தில் வீரபத்திரன். சித்திரை வந்தால் மலையோட்டத்தில் முதலாவது.

எங்கள் வீரபத்திரன் மேடையில் நின்று வசனம் பேசுகிறவர் இல்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மலை உச்சியிலிருந்து கத்திக்கொண்டே தேயிலைக்கு நடுவில் ஓடி வருவார். பின்னால் ஆட்கள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். விட்டால் கூட்டத்துக்குள் பாய்ந்து யாரையாவது மிதித்துவிடுவார்.

அந்தக் கயிற்றில் நானும் ஒரு ஆள்.

முதல் வருஷம்... பாதி இறக்கத்திலேயே என் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு போனது. வலி தாங்காமல் சுண்டி இழுத்துவிட்டேன். மனிதர் திரும்பி, கையிலிருந்த மரவாளால் என் தோளில் ஒன்று போட்டார் பாருங்கள். நடிப்பு இல்லை, நிஜ அடி. கொஞ்ச நாளைக்குச் சட்டை போடவே ஆள் தேவைப்பட்டது.

கூத்து முடிந்து, முகத்துச் சாயத்தைத் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏண்ணே இப்பிடி அடிச்சீங்க?"

"நானாடா அடிச்சேன்? வீரபத்திரன்ல அடிச்சாரு. அவருகிட்டப் போயிக் கேளு."

சொல்லிவிட்டு அவரே என் கைக்கு மஞ்சள் அரைத்துப் பூசினார். அதற்கும் ஒரு கத்துக் கத்தினேன்.

மலையோட்டக் கதை ஊருக்கே தெரியும். பஜாரிலிருந்து மேலே கோயில் வரை ஓட வேண்டும். இறக்கத்தில் யார் வேண்டுமானாலும் ஓடுவார்கள், மேட்டில் அண்ணனைப் பிடிக்க ஆள் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஒருவன் கடைசி வளைவில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் ரோட்டோரக் கானுக்குள், தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள், தள்ளினான். வாய் கருங்கல்லில் அடித்து முன்பல் இரண்டும் போய்விட்டன.

எழுந்தார். பல்லைத் துப்பினார். துரத்திப் போய் அவன் மூக்கை உடைத்தார். மிச்ச மேட்டையும் ஓடி முதலாவதாக வந்தார்.

கமிட்டி கப் தர மறுத்தது. "கப்ப நீங்களே வச்சுக்குங்க. மேட்ட மொதல்ல ஏறுனது யாருன்னு ஊருக்குத் தெரியும்" என்றார். வாயெல்லாம் ரத்தம். அன்றைக்குத்தான் அவரைச் சாயம் பூசாத வீரபத்திரனாகப் பார்த்தேன்.

கீழே போட்டிருப்பது அன்று எடுத்த போட்டோ. பல் இல்லாமல் சிரிக்கிறார்.

இந்த வருஷக் கூத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வேலை விட்டதும் தினமும் மேலே ஏறி, கயிறு இல்லாமல் கத்திக்கொண்டு இறங்கிப் பழகுவாராம். லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்க்குமாம்.

மேலே ஒரு மரத்தில் குளவிக் கூடு இருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டில் எத்தனையோ தரம் சொன்னார்கள். "பாப்போம், பாப்போம்" என்றே தோட்ட நிர்வாகத்தில் இருப்பவர்கள் நாளை ஓட்டினார்கள். யார் என்று இங்கே எழுதவில்லை. நாளைக்குச் சாவு வீட்டில் பூமாலையோடு வந்து நின்றால், நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

நேற்று அண்ணன் உச்சியில் நின்றபோது பருந்து அந்தக் கூட்டை அடித்திருக்கிறது.

தங்கச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கைய வீசிக்கிட்டு, தலையில அடிச்சிக்கிட்டு, கத்திக்கிட்டே ஓடியாந்தாருண்ணே. நாங்க கூத்துன்னு நெனச்சோம். இந்த வருஷம் பிரமாதமா ஆடுறாருன்னு பேசிக்கிட்டோம். மருதை மாமா தப்பு மேளத்த எடுத்து அடிக்கவே ஆரம்பிச்சிட்டாரு. புள்ளைங்க கை தட்டிக்கிட்டு அவருக்கு எதுக்க ஓடுச்சுங்க..."

பிள்ளைகள் ஓடி வருவதை அண்ணன் பார்த்திருக்கிறார். நின்றிருக்கிறார். இன்னும் நாலு பாய்ச்சல் பாய்ந்தால் லயம். உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தால் பிழைத்திருப்பார்.

திரும்பினார். வந்த மேட்டிலேயே ஏறி ஓடினார். குளவிக் கூட்டம் மொத்தமும் அவர் பின்னால் போனது.

"அப்பவும் எங்களுக்கு வெளங்கலண்ணே. ஏன் திரும்பிப் போறாருன்னு சிரிச்சோம். ஒரு குளவி அம்மா கழுத்துல கொட்டுன பொறகுதான்..."



ஆட்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு, புகை போட்டுக்கொண்டு மேலே போயிருக்கிறார்கள். உச்சிக்குக் கிட்டத்தில் கிடந்தாராம். முகம் அடையாளம் தெரியவில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் லொறியிலேயே உயிர் போய்விட்டது.

ஆத்திரமாக வருகிறது. குளவி மேல், கூட்டை விட்டு வைத்தவர்கள் மேல், தப்பு அடித்த மாமா மேல்...

மாமா நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். நான் அங்கே இருந்திருந்தால் விசில் அடித்திருப்பேன்.

ஹட்டன் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு அடக்கம்.

அண்ணே... குழியில எறக்குறப்ப தலமாட்டுக் கயிறு எனக்குத்தான், சொல்லி வச்சிட்டேன். கை வேற வீங்கிக் கெடக்கு. இந்த ஒரு தடவ இழுக்காம, மெதுவா எறங்குங்கண்ணே.