எதிர் வீட்டில் இருந்த பாஸ்போர்ட்

காஞ்சிபுரத்திலிருந்து மொரீஷியஸ் போகிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஆனால் போகிற அத்தனை பேரும் வழி கேட்டு என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். நான் போனது ஒரே ஒரு முறை, பதினோரு நாள். பட்டுப் புடவை முந்தானைக்குக் குச்சம் முடிகிறவள் நான். ஏஜென்சிக்காரனிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்? இருந்தாலும் சொல்கிறேன். மனப்பாடமாகத் தெரியும். எல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்தது.

போன வாரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா நோட்டும் பேனாவுமாக வந்தாள். மகன் அங்கே ஓட்டலில் வேலை செய்கிறானாம், புருஷனோடு அவனைப் பார்க்கப் போகிறாளாம். முடிந்துகொண்டிருந்த நூலைக் கீழே வைக்காமல் சொல்ல ஆரம்பித்தேன்.

விசாவுக்கு இங்கே அலைய வேண்டாம். அங்கே இறங்கியதும் முத்திரை குத்துவார்கள். ஆனால் திரும்பி வருகிற டிக்கெட்டும், தங்கப் போகிற வீட்டு முகவரியும் கையில் இருக்க வேண்டும். புறப்படும் முன் செல்போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். செடி, விதை எதுவும் எடுத்துப் போகக் கூடாது, கோயில் துளசியானாலும் பிடுங்கிவிடுவார்கள். தூக்க மாத்திரை, வலி மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு இல்லாமல் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். நமக்கு வெயில் கொளுத்தும்போது அங்கே குளிர ஆரம்பித்துவிடும், ஸ்வெட்டர் வேண்டும். நம்ம ஊர் பிளக் அங்கே நுழையாது, அதற்கு மாற்று பிளக் ஒன்று வேண்டும். அங்கேயும் ரூபாய்தான், அந்த ஊர் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், பார்த்ததும் கண் கலங்கும்.

"கலங்குமா?" என்று கேட்டாள் அந்த அம்மா, எழுதுவதை நிறுத்தி.

"எனக்குக் கலங்கிச்சு" என்றேன்.

என் அக்கா இங்கே ஒரு பட்டுக் கடையில் சேல்ஸுக்கு நின்றவள். கல்யாணப் பட்டு எடுக்க மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம், புடவையோடு அக்காவையும் பிடித்துப்போய்ப் பெண் கேட்டது. கட்டிக்கொண்டு போனவள், இருபத்திரண்டு வருஷத்தில் நாலு முறை வந்தாள். நான் ஒரு முறைகூடப் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவளுக்கு ஈரலில் புற்று என்று தெரிந்து, டாக்டர்கள் கையை விரித்த பிறகுதான் பாஸ்போர்ட்டே எடுத்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாஸ்போர்ட் வருவதற்குள் தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். நோவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "மெட்ராஸ்லயே காசு மாத்திக்காதடி, இங்க மாத்திக்கலாம்." "பிளக்கு வாங்காத, நான் வாங்கி வெச்சிக்கினு இருக்கறேன்." "ஸ்வெட்டரும் என்னுதே இருக்குது, உனக்குக் கொஞ்சம் லூசா இருக்கும், பரவால்ல." ஒவ்வொன்றிலும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் ஒருநாள், "சீக்கிரம் வாடி" என்று மட்டும் வந்தது.

டிக்கெட் வியாழக்கிழமைக்குக் கிடைத்தது. வியாழன் தெற்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் கூடாது; மொரீஷியஸோ தெற்கே இருக்கிறது. "ஏர்போர்ட்டு கிழக்காலதானே இருக்குது, சூலம் எங்கேந்து வரும்?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. சாகக் கிடக்கிறவளைப் பார்க்கப் போகிற பயணம், எதையும் குறையாக விடக் கூடாது என்று இருந்தது.

இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு, பரஸ்தானம் என்போம். போகிற நாள் சரியில்லை என்றால், முன்னால் ஒரு நல்ல நேரத்தில், கையோடு கொண்டுபோகிற பொருள் ஒன்றை வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு அங்கே போய் அதை எடுத்துக்கொண்டு அப்படியே நடையைக் கட்டலாம். எல்லோரும் ஒரு புடவையை வைப்பார்கள், துண்டை வைப்பார்கள். புதன்கிழமை காலை, நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம் இருந்தது. பெட்டி இன்னும் கட்டவில்லை, துணியெல்லாம் கொடியில் ஈரமாகக் கிடந்தது. தயாராக இருந்தது ஒன்றுதான்: பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் வைத்த மஞ்சள் ஃபைல். எது இல்லாமல் போகவே முடியாதோ அதையே வைத்தால் பயணம் நிச்சயம் தடைபடாது என்று வேறு எனக்குத் தோன்றியது. என் புத்தியை என்னவென்று சொல்வது!

எதிர் வீட்டு அம்மா தனியாக இருக்கிறவள், மகன் பெங்களூரில். ஃபைலை வாங்கிக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். "நல்லபடியா போய்ட்டு வா கண்ணு" என்றாள்.

வியாழன் காலை எட்டு மணிக்குக் கார் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன். பூட்டு தொங்கியது. விடிகாலையிலேயே தென்னேரியிலிருந்து சாவுச் சேதி வந்ததாம், அவளுடைய அண்ணன். இருந்த கோலத்திலேயே ஓடியிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

போன் போட்டேன். வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது.

ஜன்னல் பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தால், சாமி படத்துக்குக் கீழே என் மஞ்சள் ஃபைல். பக்கத்திலேயே அவள் செல்போன், நான் கூப்பிடக் கூப்பிட வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. ஒட்டடைக் கொம்பைக் கம்பிக்குள் விட்டு இழுத்துப் பார்த்தேன். ஃபைல் இன்னும் உள்ளே தள்ளிப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தென்னேரிக்கு ஓடினார்.

தெருவில் அம்மிக்கல் துண்டு ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்தேன். ஒரே ஒரு பூட்டு, சின்னப் பூட்டு. ஆனால் துக்கத்துக்குப் போயிருக்கிற பொம்பளை திரும்பி வரும்போது கதவு உடைந்து கிடந்தால் என்ன நினைப்பாள்? தெருவில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேணாம்மா, இதோ வந்துடுவாரு" என்றார் கார் டிரைவர். கல்லைக் கீழே போட்டேன். பெரிய மரியாதைக்காரி நான், த்தூ!

என் வீட்டுக்காரர் தென்னேரியில் வீடு தெரியாமல் ஏரிக்கரையெல்லாம் சுற்றி, மேளச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். சாவி அவள் இடுப்பில் இருந்ததாம். அவள் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாளாம். "எப்படிடி கேக்கறது? பொணத்தை எடுக்கறவரைக்கும் ஓரமா நின்னுக்கினு இருந்தேன்" என்றார். அவர் வந்து கதவைத் திறந்தபோது ஒரு மணி. விமானம் மூன்று மணிக்கு. மெட்ராஸ் போகவே இரண்டு மணி நேரம் ஆகும், உள்ளே விடுவதை அதற்குள் நிறுத்திவிடுவார்கள்.

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. நானாக இருந்தாலும் நின்றுதான் இருப்பேன்.

அடுத்த டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் கிடைத்தது. அக்காவிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். "எத வெச்ச?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு சிரித்தாள். இருமல் வந்து மூச்சு வாங்குகிற மட்டும் சிரித்தாள். "பாஸ்போர்ட்டையாடி வெச்ச, லூசு!" என்றாள். "சரி வா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்துக்கினு இருக்கறேன்."

எதிர் வீட்டு அம்மா மறுநாள் வந்தாள். அழுது வீங்கிய முகம். விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பூட்டு என்னாம்மா பூட்டு? ஒடைச்சிருக்கலாமேம்மா! உன்னை நான் கேக்கப்போறனா?" அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினேன். பாஸ்போர்ட்டை ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்தேன், தூங்கும்போதுகூட ஒரு கை அதன் மேல் இருந்தது. இறங்கி வெளியே வந்து, அக்கா புருஷன் மாமாவைத் தேடி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலைந்தேன். போனில் சார்ஜ் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார், மொட்டையடித்த தலையோடு. தகனமெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது என்றார்.

அவள் எனக்கென்று ஒழித்து வைத்திருந்த அறையில் விட்டார். கட்டில் மேல் ஸ்வெட்டர் மடித்து இருந்தது. சுவரில் அவள் வாங்கி வைத்த பிளக்கு ஏற்கெனவே செருகியிருந்தது. சார்ஜரை மாட்டினேன், சரியாக நுழைந்தது. போன் உயிர் பெற்று, சனிக்கிழமை காலை அவள் அனுப்பிய மெசேஜ் ஒன்றைக் காட்டியது. அன்றைய அமளியில் நான் கேட்காமல் விட்டது. குரல் காற்றாக இருந்தது.

"வெளிய வந்ததும் எங்கயும் போயிடாதடி. அவரு எப்பவும் லேட்டு. கதவாண்டயே நில்லு. என்னால வர முடியாது."

பிள்ளையார்பாளையத்து அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எழுந்தாள். பைக்குள் கையை விட்டு ஒரு ஃபைலை எடுத்தாள். "நாங்க போற நாளு சரியில்லம்மா. உங்க வீட்டுல பரஸ்தானம் வெச்சிட்டுப் போகட்டுமா? ராசியான கை உங்களுது, அக்காவைப் பார்த்துட்டு வந்தவங்களாச்சே" என்றாள்.

யார் அவளுக்கு அப்படிச் சொன்னார்களோ. ஃபைலைப் பிரித்து இரண்டு பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்து அவள் கையில் திணித்தேன். வெறும் ஃபைலைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். பிறகு அலமாரியிலிருந்து வீட்டின் இன்னொரு சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

"இது எதுக்கும்மா?"

"நான் இல்லன்னா தொறந்து எடுத்துக்க. சாவி நுழையலன்னா பூட்டை ஒடைச்சிடு. யாரையும் கேட்டுக்கினு நிக்காத."

நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.