ராக்கெட்டுக்கு ஒரு துணை

என் சித்தி நாகஜோதி பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறாள். காலையில் கம்பெனி வேன் வருமுன் கொலுசைக் கழற்றிச் சாமி படத்தின் கீழே வைப்பாள். செல்போனை, நாலு வீடு தள்ளியிருந்து வரும் என்னிடம் கொடுப்பாள். தீப்பொறி பயத்தால் இரண்டையும் கம்பெனிக்குள் கொண்டுபோகக் கூடாது. கடைசியாக நாயின் கழுத்துப்பட்டையை இழுத்துப் பார்ப்பாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்.

நாயின் பெயர் ராக்கெட். சிப்பிப்பாறை இனம். ஒட்டிய வயிறும் நீண்ட கால்களுமாக, முயல் பிடிக்கவே பிறந்த உடம்பு. சித்தப்பா சங்கிலிமுத்து லாரி ஓட்டுகிறவர். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். சித்தி தனியாக இருக்கிறாளே என்று அவர்தான் அதைக் குட்டியாகக் கொண்டுவந்து விட்டார். ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துப் பெயரும் வைத்தார். வெடிச்சத்தம் கேட்டால் அது எங்கே ஓடும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊரில் வெடிச்சத்தம் தீபாவளியோடு முடிகிற விஷயமல்ல. ஒரு பக்கம் கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் ஆலங்குளம் போகிற வழியில் சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைப்பார்கள். எங்கள் காதில் அது விழுவதேயில்லை. ராக்கெட்டுக்கு ஒவ்வொன்றும் விழுந்தது. வளர வளரப் பயமும் வளர்ந்தது. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும். தேடிப் பிடித்து வருவோம். கடைசியாக ஓடியபோது நான்குவழிச் சாலைவரை போய்விட்டது. கார் ஒன்று உரசித் தொடைத்தோல் உரிந்து புளியமரத்தடியில் கிடந்தது. சித்தி அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தாள்.

சித்தப்பா நாக்பூரிலிருந்து பேசினார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“காரியாபட்டியில ரத்தினசாமி அண்ணன் தோட்டத்துக்கு நாய் கேக்காக. அங்கன வெடியும் கிடையாது, வேட்டும் கிடையாது. குடுத்துரு நாகு.”

“அது போனா நான் யாரோட பேச?”

“நீ பேசி அது என்னத்தச் சொல்லுது?”

“நீங்க சொல்லுறதவிடக் கூடத்தான் சொல்லுது.”

சித்தப்பா சிரித்தார். ஆனால் விடவில்லை. தீபாவளிக்குள் நாய் ஓடாமல் வீட்டில் தரிக்காவிட்டால் ரத்தினசாமி வேனோடு வந்து கூட்டிப்போவார் என்று பேச்சு முடிந்தது. சித்தி சரி என்றாள். போனை வைத்தபிறகு வெகுநேரம் ராக்கெட்டின் புண்ணில் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். பயப்படாத இன்னொரு நாய் கூட இருந்தால், அதைப் பார்த்து இதுவும் கொஞ்சம் அடங்கலாம்; உறுதியாகச் சொல்ல முடியாது. சித்தி முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

“ராக்கெட்டு இழுத்தாவே நான் தெருமுனையில போயி விழுறேன். இன்னொரு பெருசு வேணாம். மடியில வச்சுக்கிடுற மாதிரி சின்ன ஜாதியாப் பாரு. நீ படிச்ச பிள்ளை எழிலு, எந்த நாய்னு நீயே சொல்லு.”

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து ஆடு ஏன் சினை பிடிக்கவில்லை என்பதுவரை என்னிடம்தான் கேட்பார்கள். படித்தது விலங்கியல் என்பதால் நாய் விஷயத்தில் தப்பிக்கவே வழியில்லை. கல்லூரியில் நான் அறுத்துப் பார்த்தது கரப்பான்பூச்சி. அதன் வாயுறுப்புகளை அட்டையில் ஒட்டி மார்க் வாங்கினேன். அந்தப் பட்டத்தோடு இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொன்னால், பிறகு எதற்குப் படித்தாய் என்று சித்தி கேட்கமாட்டாள். நான் கேட்டுக்கொள்வேன்.

போனில் தேடினேன். பக் பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அந்தச் சப்பை மூக்கை வைத்துக்கொண்டு எங்கள் வெயிலில் எப்படி மூச்சு விடும்? டாஷ்ஹண்ட் தைரியசாலி என்றார்கள். கூடவே முதுகெலும்பு பலவீனம், படி ஏறவிடக் கூடாது என்றார்கள். சித்தி வீட்டு வாசற்படி எனக்கே உயரம். பாமரேனியனுக்கு உடம்பெல்லாம் முடி. ஒரு காணொளியில் ஒருவர், வேட்டை நாயோடு சின்ன நாயைத் தனியாக விடவே கூடாது, ஓடுகிற சின்ன உருவம் எதுவும் அதன் கண்ணுக்கு இரைதான் என்றார். ராக்கெட் ஒரு தடவை பக்கத்து வீட்டு மூக்கம்மாளின் கோழிக்குஞ்சைக் கவ்விவந்து சித்தியின் காலடியில் போட்டது. நான் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற குட்டியையும் அப்படிப் போட்டால்?

சித்தியிடம் சொன்னேன்.

“அதான் நாம இருக்கோம்ல” என்றாள்.

பகலில் அவள் இருக்கமாட்டாள். நான்தான் இருப்பேன்.

கல்லூரியில் எனக்கு சீனியராக இருந்த ஆர்த்தி, சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற குடும்பம் ஒன்றில் மருமகளாக இருக்கிறாள். அவர்கள் வீட்டுப் பாமரேனியன் குட்டி போட்டிருந்தது. அப்பன் தெருநாய். நல்ல வீடாக இருந்தால் சும்மாவே தருகிறேன் என்றாள். நாட்டுக் கலப்பு என்றால் உருவமும் சின்னதாக இருக்கும், வெயிலையும் தாங்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தியும் நானும் போனோம்.

காலண்டர் அட்டைப்பெட்டிக்குள் நாலு குட்டிகள் கிடந்தன. சித்தி அவற்றைத் தொடக்கூட இல்லை. மஞ்சப்பையிலிருந்து ஒரு ஒற்றை வெடியை எடுத்தாள்.

“ஐயோ, எதுக்குக்கா வெடி?” ஆர்த்தி பின்னால் நகர்ந்தாள்.

“சாம்பிள் பாக்காம யாரும்மா லோடு ஏத்துவாக? தள்ளி, கேட் பக்கத்துல வச்சுத்தான் போடுவேன். நீங்க காதைப் பொத்திக்கிடுங்க.”

கம்பெனியில் ஒன்றிரண்டை எடுத்து வெடித்துப் பார்த்த பிறகுதான் பெட்டி கட்டுவார்கள். சித்திக்குத் தெரிந்த பரிசோதனை அது. எனக்கும் அது சரியென்றே பட்டது. பரீட்சை எழுதியே மேலே வந்தவள் நான். பரீட்சை என்று எது வந்தாலும் நம்பிவிடுவேன்.

வெடித்தது. மூன்று குட்டிகள் கீச்சென்று கத்திப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு செருப்பு ஸ்டாண்டுக்குள் போய் ஒளிந்தன. வெள்ளைக் குட்டி ஒன்று மட்டும் கவிழ்ந்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

“பொட்டக்குட்டிடி! என்ன நெஞ்சு இதுக்கு!” சித்தி ஓடிப்போய் அதை அள்ளிக்கொண்டாள்.

அதற்கு ஒரு கண் கறுப்பு, ஒரு கண் நீலம். அந்த நீலக் கண்ணைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இடறியது. வகுப்பில் யாரோ எதற்கோ சொன்னது. என்னவென்று நினைவுக்கு வரவில்லை. பஸ் ஏறுமுன் சித்தி அதற்கு மத்தாப்பு என்று பெயர் வைத்துவிட்டாள்.

தெருவில் மூக்கம்மாள் நின்றிருந்தாள். “ஏண்டி நாகு, ஊர்ல பிள்ளைக்கு நாய் வாங்குவாக. நீ நாய்க்குப் பிள்ளை வாங்கிட்டு வாரியா?”

சித்திக்குக் குழந்தை இல்லை. அதைச் சொல்லிக்காட்ட எங்கள் தெருவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழி உண்டு.

“ஆமாக்கா. உங்க பிள்ளைக மாதிரி இதுக ரெண்டும் பாகப்பிரிவினைக்குச் சண்டை போடாதுல்ல” என்று சொல்லிக்கொண்டே சித்தி உள்ளே போய்விட்டாள்.

ராக்கெட்டைச் சங்கிலியில் கட்டிவிட்டு மத்தாப்பைக் கூடையில் வைத்துக் காட்டினோம். ராக்கெட் குரைக்கவில்லை. கழுத்தை நீட்டி, காதை முன்னால் தள்ளி, இமைக்காமல் பார்த்தது. குரைத்திருந்தால்கூட எனக்குத் தைரியம் வந்திருக்கும். அன்றிலிருந்து பகலெல்லாம் நான் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். ஒரு காலால் கூடையைத் தொட்டுக்கொண்டே இருப்பேன். கூப்பிட்டால் மத்தாப்பு திரும்பாது. சின்னக்குட்டிதானே, பெயர் பழக வேண்டாமா என்றாள் சித்தி.

ஒரு நாள் சித்தி வீட்டில் இருக்கும்போதே அது நடந்தது. ராக்கெட் தின்றுகொண்டிருந்த தட்டை நோக்கி மத்தாப்பு நடந்தது. ராக்கெட் அடித்தொண்டையில் உறுமியது. எந்தக் குட்டியும் அந்த உறுமலுக்கு நின்றிருக்கும். இது நிற்காமல் போய்த் தட்டுக்குள் மூஞ்சியை வைத்தது. நான் பாய்ந்து தூக்குவதற்குள் பல் பட்டுக் காதில் ரத்தம் வந்துவிட்டது.

குட்டியைத் தூக்கிய வேகத்தில் என் மறுகையிலிருந்த எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. அடுப்படியிலிருந்து சித்தி கத்தினாள். ராக்கெட் கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. மத்தாப்பு என் தோளில் ஏறிச் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. வெள்ளை ரோமமும் நீலக் கண்ணும் சேர்ந்தால் சில விலங்குகளுக்குக் காது கேட்காமல் போகும்.

நான் சொன்னதும் சித்தி மத்தாப்பின் தலைக்குப் பின்னால் கைதட்டினாள். தாம்பாளத்தைத் தட்டினாள். மறுபடி கைதட்டினாள்.

“அப்ப அன்னைக்கு வெடி போட்டது…”

“கேட்டிருக்காது சித்தி.”

சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அம்புட்டு நேரம் நெஞ்சு நெஞ்சுன்னு கொண்டாடுனேனே” என்றாள். ஏமாந்தவள் குரலாக இல்லை. பயந்தவள் குரலாக இருந்தது. பயப்படாத நாய் ஒன்று வேண்டும் என்று போய், உறுமல்கூடக் கேட்காத குட்டியை வேட்டை நாயின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தோம்.

சித்தப்பா, குட்டியைத் திருப்பிக் கொடு, பெரியதைக் காரியாபட்டிக்கு அனுப்பு என்றார். குட்டியை அவள் கொடுக்கவில்லை. “காது கேக்காதுன்னு நாமளே திருப்பிக் குடுத்தா, வேற எவ வாங்குவா?” இரண்டுக்கும் தனித்தனி இடத்தில் சோறு வைத்தாள். காலால் தரையை ஓங்கி மிதித்தால் மத்தாப்பு திரும்பிப் பார்க்கிறது என்று கண்டுபிடித்து, வீடு முழுக்க மிதித்துக்கொண்டே நடந்தாள். ராக்கெட்டும் ஏதோ புரிந்துகொண்டதுபோல் இருந்தது. உறுமிப் பார்த்துப் பலனில்லாமல், குட்டி பக்கத்தில் வந்தால் முன்னங்காலால் தள்ளிவிட ஆரம்பித்தது. அதை நல்ல குறி என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. சீசன் ஆர்டர் கூடி, சாம்பிள் வெடிகளும் கூடிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு மத்தியானம் ராக்கெட்டின் தொடைப்புண்ணுக்கு மருந்து போடச் சங்கிலியை அவிழ்த்திருந்தேன். அப்போது ஒரு சத்தம். சாம்பிள் வெடி இல்லை. கதவு அதிர்ந்து, ஓட்டிலிருந்து மண் கொட்டியது. நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். தெரு முழுக்கப் பெண்கள் நின்றார்கள். சித்தியின் கம்பெனி இருக்கிற திசையில் புகை எழுந்தது. சித்தியின் செல்போன் என் கையில் இருந்தது. அவளைக் கூப்பிடவேண்டிய எண் அதுதான். மூக்கம்மாள் என் தோளைப் பிடித்து, “ஒண்ணும் ஆகாதுத்தா, உங்க சித்திக்கு ஒண்ணும் ஆகாது” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

செல்போன் அடித்தது. தெரியாத எண்.

“எழிலு, நான்தான். எங்க கம்பெனி இல்ல, பக்கத்துக் கம்பெனி. மருந்து கலக்குற செட்டு. சாப்பாட்டு நேரம், உள்ள ஆளில்லையாம். ஆபீஸ் போன்ல பேசுதேன்.” மூச்சு வாங்கினாள். “ராக்கெட்டு?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கதவு திறந்து கிடந்தது. சங்கிலி நடுவீட்டில் கிடந்தது. அடுப்படியில் இல்லை. கொல்லையில் இல்லை. கூடையும் காலியாக இருந்தது. நான்குவழிச் சாலையைத்தான் நினைத்தேன். பிறகு அந்தக் கோழிக்குஞ்சை நினைத்தேன்.

தகரம் கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், டிரங்குப்பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ராக்கெட் ஒடுங்கியிருந்தது. அது நடுங்கிய நடுக்கத்தில் பெட்டி ஆடியது. மத்தாப்பு அதன் நடுங்குகிற வாலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி இழுக்கப் பயமாக இருந்தது. மிரண்ட நாய் யாரையும் கடிக்கும். தரையில் கவிழ்ந்து படுத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். விளையாடி அலுத்த குட்டி ராக்கெட்டின் வயிற்றோடு ஒட்டிப் படுத்தது. ராக்கெட் காலால் தள்ளவில்லை. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

சித்தி வந்து, கையில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி ஒட்டியிருக்க, அப்படியே என் பக்கத்தில் படுத்தாள்.

“கதவு?”

“தொறந்துதான் கிடந்துச்சு.”

“ஓடலையா?”

“ஓடலை சித்தி.”

துணை இருந்ததால் ஓடவில்லையா, தொடைவலியால் ஓடவில்லையா, நான் வாசலை மறித்து நின்றதால் உள்ளே போனதா, எனக்குத் தெரியாது. சித்தி என்னைக் கேட்கவுமில்லை.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால் ரத்தினசாமி சொன்னபடி வேனோடு வந்தார்.

“என்ன நாகு, அவுத்துட்டு வா. வெயிலுக்கு முந்திக் கிளம்பிருதேன்.”

“இல்லண்ணே, இங்கனயே இருக்கட்டும். உங்களை அலைய வச்சுட்டேன். காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க.”

“இப்பவும் சத்தம் கேட்டா நடுங்குதுன்னு உன் வீட்டுக்காரன் சொன்னானே?”

“நடுங்கத்தான் செய்யுது.”

“பெறகு?”

“வீட்டுக்குள்ள இருந்து நடுங்குது.”

அவர் காப்பியைக் குடித்துவிட்டு, மத்தாப்பைப் பார்த்து ஒரு விசிலடித்தார். அது திரும்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே வேனில் ஏறினார்.

தீபாவளி இன்னும் வரவில்லை. மறுநாள் காலையிலும் சித்தி கொலுசைக் கழற்றி வைத்தாள், போனைக் கொடுத்தாள், கழுத்துப்பட்டையை இழுத்துப் பார்த்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். வேன்காரர் ஹாரன் அடித்தார்.

“எழிலு, அந்த டிரங்குப்பெட்டியை வெளிய இழுத்துப் போட்டுரு” என்றாள். “ரெண்டுக்கும் அங்கன இடம் பத்தாது.”