வாசல் அகலம் காணாது

1. காசு வேண்டாத மணல்

மணல்காரன் காசு வேண்டாம் என்று சொன்ன அன்றே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கட்டடக் கொந்தராத்து வேலையில் முப்பது வருடம் இருக்கிறேன். உப்பு மணலை நல்ல மணல் என்று தலையில் கட்டுகிறவனைத் தெரியும். முக்கால் லோட்டை முழு லோட் என்று கொட்டிவிட்டு ஓடுகிறவனைத் தெரியும். காசு வேண்டாம் என்கிறவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"இந்த வேலைக்கு நான் காசு வாங்க மாட்டன் அண்ணை," என்று சொல்லிவிட்டு மணல் ஏற்றி வந்த உழவு இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இடம் யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் ஊர்காவற்றுறைப் பக்கம், புளியங்கூடலுக்கும் கரம்பொனுக்கும் இடையில் ஒரு காணி. அதற்குமேல் அடையாளம் சொல்ல மாட்டேன். வீடு கட்டுவித்தவர் லோகநாதன். நான் லோகண்ணை என்பேன். பதுளையில் தகப்பனுடைய கடையில் நின்று, பிறகு லண்டனில் சொந்தக் கடை போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு இங்கே வந்தவர். மனைவி மனோக்காவுக்கு இரண்டு முழங்காலும் பழுது. யாழ்ப்பாணத்தில் வாடகைக்குக் கிடைத்த அறையோ மாடியில். கோயிலுக்கோ கடைக்கோ இறங்க ஏலாமல் மனிசி அங்கே அடைபட்டுக் கிடந்தார். படியில்லாத வீடு ஒன்று கெதியாக வேண்டும், அவ்வளவுதான் கதை.

லோகண்ணையின் சொந்த ஊர் புங்குடுதீவு, இறுப்பிட்டி. அங்கே காணி இருந்தது. பங்காளிகளோ நாலைந்து நாடுகளில் இருந்தார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர் மாட்டேன் என்பார். வெறுத்துப்போய், "ஒரே ஒருத்தற்ர பேரில இருக்கிற காணி வேணும்" என்று குணம் என்ற தரகரைப் பிடித்து இதை வாங்கினார். விற்றவர் கனடாவில் இருந்தார். தொலைபேசியிலேயே எல்லாம் பேசி முடிந்தது.

நான் மானிப்பாயான். என் மேசன்மார் கிளிநொச்சிப் பக்கத்தவர்கள். அந்த ஊரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. ஆனால் ஊரோ எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அடுத்த வளவுக்காரர் கேட்காமலே தண்ணீர்க் குழாயை வேலிக்கு மேலால் போட்டுவிட்டார். பத்து மணிக்குத் தேத்தண்ணி வரும். வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கிய புக்கை வரும். றோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "நல்ல காரியம் செய்யிறியள்" என்பார்கள்.

லோகண்ணை உருகிப்போனார். "பாத்தீரே தவம், ஒருத்தன் ஊருக்குத் திரும்பி வந்தா சனம் எப்பிடி மதிக்குது எண்டு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மடையர்கள் இரண்டு பேரும்.

2. ஐயர் பார்த்த வாசல்

லோகண்ணைக்கு முன் விறாந்தை பெரிதாக வேண்டும், உருண்டைத் தூண் வேண்டும். லண்டனில் ஒருவரின் வீட்டில் பார்த்தாராம். அத்திவாரம் முடிந்து, தூண்கள் எழும்பி, முன்வாசலுக்கு நிலை வைத்த அன்று ஊர்க் கோயில் ஐயர் வந்தார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். பிறகு நிலைக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"எல்லாம் வடிவாத்தான் இருக்கு. வாசல் அகலம் காணாது," என்றார்.

"நாலடி நிலை ஐயா. வீட்டுக்கு இது காணும்," என்றேன்.

"ஆற்ற வீட்டுக்கு?"

"இவையின்ர வீட்டுக்குத்தான்."

ஐயர் என்னைப் பார்த்தார். பிறகு லோகண்ணையைப் பார்த்தார். "அப்ப குதிரை என்னெண்டு உள்ள வாறது?"

"என்ன குதிரை?" லோகண்ணை கேட்டார்.

"சாமியின்ர குதிரை வாகனம். காவுறவை ரெண்டு பக்கமும் நிப்பினம். இந்த வாசலுக்குள்ளால தலைகூட நுழையாது."

அப்போதுதான் விளங்கியது. திருவிழாவில் வேட்டை நாளன்று முருகன் குதிரையேறிக் கோயிலை விட்டு வெளியே வருவார். எல்லா ஊரிலும் வருவார்தான். இந்த ஊரில் அவர் வேட்டையாட வருகிற இடம் லோகண்ணை வாங்கிய காணி. விற்றவரின் பூட்டன் வாயால் கொடுத்த வாக்கு. காணி அவர்களுடையதே. பனங்காய் பொறுக்கலாம், ஆடு கட்டலாம். ஆனால் கட்டடம் கட்டக் கூடாது, வேலி அடைக்கக் கூடாது. ஊரில் பால்குடிப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லோருக்கும் இது தெரியும். விற்றவர் வாங்கினவருக்குச் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உருண்டைத் தூணைக் கண்டதும், லண்டன்காரர் சாமி வந்து தங்குவதற்கு மண்டபம் கட்டுகிறார் என்று முடிவெடுத்துவிட்டார்கள். தேத்தண்ணி, புக்கை, மணல் எல்லாம் அந்த மண்டபத்துக்கு.

லோகண்ணை சீமெந்துப் பை ஒன்றின் மேலே குந்திவிட்டார். "எண்ணிக்கையில்லாப் பங்காளியள் வேண்டாமெண்டு இஞ்ச வந்தனான். இஞ்ச ஒரு பங்காளி குதிரையில வாறார்."

3. சுத்தமான உறுதி

அடுத்த நாள் மணல்காரன் வந்து நின்றான். "என்ர மண்ணைத் தாங்கோ."

"அது கொங்கிறீற்றுக்குள்ள போட்டுது தம்பி."

"சாமிக்கெண்டு தந்த மண். உங்கட குசினிக்குத் தரேல்லை."

பக்கத்து வளவுக்காரர் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி எடுத்தார். தேத்தண்ணி நின்றது. கல் ஏற்றுகிறவன் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒருவரும் சண்டைக்கு வரவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அப்படியான ஊரோடு என்ன செய்கிறது?

சட்டத்தரணி காணி உறுதிப் பத்திரத்தையும் பதிவையும் திரும்பப் பார்த்தார். எல்லாம் சுத்தம், ஒரு கீறல் இல்லை. வழக்குப் போட்டால் வெல்ல இடம் இருக்கிறது என்றார். வெல்லும்போது மனோக்காவுக்கு என்ன வயதாகியிருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

தரகர் குணத்தைச் சந்தையடியில் பிடித்தேன். சேட்டுக் கொலரைப் பிடிக்கத்தான் போனேன். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

"தவமண்ணை, வருசத்தில ஒரு நாள். அதையும் ஒரு குறையெண்டு சொல்லுறதே?"

"உமக்குத் தெரியுந்தானே?"

"ஓம், தெரியும். சாமி வாற காணியெண்டா இன்னும் கூடத்தான் விலை சொல்லியிருக்கலாம். வித்தவர்தான் அதைக் கதைக்க வேண்டாமெண்டவர்."

இந்த ஆளோடு கதைத்து நான் என் வாயைத்தான் பழுதாக்கினேன்.

4. வராத பிள்ளைக்கு அறை

லோகண்ணை வழக்குத்தான் என்று நின்றார். மனோக்கா ஒரு நாள் மாடியிலிருந்து ஒவ்வொரு படியிலும் குந்திக் குந்தி இறங்கி, ஓட்டோ பிடித்துக் காணிக்கு வந்தார். ஐயரையும் கூப்பிட்டார்.

"ஐயா, சாமி சரியா எந்த இடத்தில நிக்கிறவர்?"

ஐயர் நடந்துபோய் நின்று காட்டினார். முன் விறாந்தையும், வெளிநாட்டில் இருக்கிற மகன் வந்தால் தங்கவென்று போட்ட அறையும் சேர்கிற மூலை. "இந்த முன்பக்கம் வெளியா இருந்தாக் காணும். பின்பக்கம் சாமி போறேல்லை. அங்க நீங்கள் இருக்கிறதில எங்களுக்கு மறுப்பில்லை," என்றார்.

மனோக்கா பிளானை என்னிடம் வாங்கிப் பார்த்தார். "விறாந்தை வேண்டாம். மகன்ர அறையும் வேண்டாம். மிச்சத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டும் தவம்."

"அவன் வந்தா எங்க படுக்கிறது?" லோகண்ணை கத்தினார்.

"அவன் வந்தா யாழ்ப்பாணத்தில ஹோட்டல்தான் எடுப்பான். போனமுறையும் அதுதானே செய்தவன். ஏசி இல்லாமல் அவனுக்கு நித்திரை வராது. வராத பிள்ளைக்கு அறை கட்டி, வாற சாமியை மறிக்கப் போறியளே?"

லோகண்ணை போய்த் தன் உருண்டைத் தூணை ஒருமுறை தடவிப் பார்த்தார். ஐயர் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் பிளானை வாங்கிக்கொண்டு இடிக்கிற பெக்கோ இயந்திரத்துக்கு அழைப்பு எடுத்தேன்.

நான் எழுப்பிய தூணை நானே இடித்தேன். நல்ல தூண். இறுக்கமான கொங்கிறீற். பெக்கோ இரண்டு தரம் தடுக்கி நின்றது. கனடாவில் இருப்பவரை வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். பெக்கோ ஓட்டுகிறவன் காதில் ஏதோ செருகிக்கொண்டான். பின்னேரம் மணல்காரன் ஒரு லோட்டோடு வந்தான். இந்த முறை காசு வாங்கினான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

5. கேட்க வேண்டிய ஆள்

இரண்டு அறை, குசினி, குளியலறை, படியில்லாத வாசல். திருவிழாவுக்கு முன்னமே மனோக்கா குடிவந்துவிட்டார். இப்போது தடியை ஊன்றிக்கொண்டு தானே சந்தைக்குப் போய் மீன்காரனோடு சண்டை பிடிக்கிறார். முன் காணி வேலியில்லாமல் வெளியாகக் கிடக்கிறது. ஊர் ஆடுகள் மேய்கின்றன. ஆட்டுக்காரரோடு லோகண்ணைக்குத் தினமும் தகராறு.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உறுதி சுத்தமாக இருந்தால் காணி சுத்தம் என்று நினைக்காதீர்கள். விற்றவர் சொல்ல மாட்டார். தரகர் சொல்லவே மாட்டார். வாங்குகிறவர் பாவம், அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்திவாரத்துக்கு நூல் கட்டுவதற்கு முன்னம் நாலு பக்க எல்லைக்காரர் வீட்டுக்கும் போங்கள். "இந்தக் காணிக்குள்ள வருசத்தில ஆர் ஆர் வாறவை?" என்று கேளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. தண்ணி அள்ள வருகிறவர், மாடு ஓட்டி வருகிறவர், பிணம் காவி வருகிறவர், சாமி, எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும். பதில் வராமல் நான் இப்போது நூல் கட்டுகிற ஆப்புக்கூட அடிப்பதில்லை. இதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போனது. போகட்டும்.

லோகண்ணைக்கு விற்றவர்மேல் கோபம் ஆறவில்லை. ஒவ்வொரு வேட்டைத் திருவிழாவுக்கும் என்னை வரச் சொல்வார். மேளம் முழங்கிக் குதிரை காணிக்குள் வந்ததும் கனடாவுக்கு அழைப்பு எடுப்பார். "கேக்குதே? இதைத்தான் நீர் எனக்குச் சொல்லேல்லை," என்று கத்திவிட்டுத் தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். கை உளைந்தால் மற்றக் கைக்கு மாற்றுவார். மற்றப் பக்கத்து மனிசன் ஒரு முறைகூட வைத்துவிட்டுப் போனதில்லை. வேட்டை முடிந்து சாமி திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.