கார் நுழையாத தெருவில் ஒரு நிக்காஹ்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. தேனி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது மேற்கே மலையே தெரியவில்லை, அத்தனை மேகம். 2005 நவம்பர் கடைசி வாரம். என் கல்லூரித் தோழி மும்தாஜின் தங்கை பர்வீனுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். அதற்காகத்தான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். கம்பம் பேருந்தில் ஏறி உத்தமபாளையத்துக்கு டிக்கெட் கேட்டேன். முப்பது கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்.

"எங்கன இறங்கணும்?" என்றார் நடத்துநர்.

"பழைய கடைத்தெருவுக்குப் போகணும்."

"அப்ப ஸ்டாண்டுல இறங்கி நடங்க. அதுக்குள்ள ஆட்டோக்காரக வர மாட்டாக."

வீரபாண்டி, சின்னமனூர் தாண்டியதும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சாலையோடு கூடவே வந்தன.

ஒன்பது மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தேன். எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தால் நாம்தான் கடைப்படியில் ஏறி வழிவிட வேண்டும். கீழே எல்லாம் கடைகள்: பாத்திரம், துணி, இரும்புச் சாமான், நாட்டு மருந்து. மேலே வீடுகள். மும்தாஜின் வீடும் அப்படித்தான். கீழே, அத்தா என்று அவள் அழைக்கும் அப்பாவின் ஜவுளிக்கடை. பக்கவாட்டில் ஏறும் மரப்படி நேராகக் கூடத்தில் கொண்டுபோய் விட்டது.

"வாத்தா சுமதி, சாப்பிட்டுத்தான் மறுபேச்சு" என்று அவள் அம்மா இடியாப்பத்தை எடுத்து வைத்தார்.

அந்தத் தெருவில் இருப்பது எப்படி என்பது மறுநாளுக்குள் புரிந்துவிட்டது. விடியற்காலைத் தொழுகை அழைப்போடு எழுந்துவிடுகிறார்கள். அது ஓய்ந்து சற்று நேரத்தில் கோயில் மணி கேட்கிறது. பிறகு ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறும் சத்தம். எதிர்வீட்டில் தாளித்தால் இங்கே தும்மல் வருகிறது. உப்பு தீர்ந்தால் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினால் போதும், மளிகைக்கடைக்காரர் போட்டு அனுப்புகிறார். ரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாது. நான் வந்து ஒரு மணி நேரத்துக்குள், 'மெட்ராஸ்காரக வந்திருக்காக' என்பது தெருக்கோடி வரை தெரிந்திருந்தது.

மும்தாஜ் தேனியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கல்யாணத்துக்குப் பிறகும் கணவரோடு இந்த வீட்டிலேயே இருந்துகொண்டு தினமும் பேருந்தில் போய் வருகிறாள். "ஊருக்கு வெளிய பிளாட் வாங்கிப் போட்டிருக்கோம். வீடு கட்டலாம்னு அவுக சொல்லிக்கிட்டே இருக்காக. எனக்குத்தான் மனசு வரல" என்றாள். வீட்டின் சுவர்களைத் தட்டித் தட்டிக் காட்டினாள். அவளுடைய பாட்டனாரின் அத்தா கட்டிய வீடாம்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாப்பிள்ளையின் பெரிய மாமா தேனியிலிருந்து வந்தார். வந்தவர் உட்காரவில்லை. சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்:

"இந்தச் சந்துக்குள்ள மாப்பிள்ளை காரு எப்படி வரும்? நாளைக்குப் பெரிய மனுசர் எல்லாம் வாராக. கம்பத்துல ஒரு மண்டபத்தப் பாருங்க. கிடைக்கலன்னா தேதிய மாத்திக்குவோம்."

உள்ளறையில் மருதாணிக் கையோடு இருந்த பர்வீன் தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் நிக்காஹ், கீழே அரிசி மூட்டைகள்கூட இறங்கிவிட்டன. அத்தா தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, "நீங்க சொன்னாச் சரி... விசாரிக்கிறேன்" என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பொறுங்கத்தா" என்று மும்தாஜ் முன்னே வந்தாள். "மாமா, என் கல்யாணமும் இங்கனதான் நடந்துச்சு. காரு முக்குலயே நிக்கட்டும். மாப்பிள்ளை நடந்து வரட்டும். நடந்து வந்தாத்தானே தெருவே அவரப் பாக்கும்?"

"மழை வந்தா?"

"வந்தா நாங்க பாத்துக்குவோம்."

மாமா சரி என்றும் சொல்லாமல் படி இறங்கினார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. லேசான தூறல் இல்லை. எதிர்க்கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியாத மழை. மும்தாஜ் சன்னலோரம் உதட்டைக் கடித்தபடி நின்றாள். "நேத்து நான் வாயைத் தொறந்திருக்கக் கூடாதுடி" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதேயில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம். "மும்தாஜ்! மேல இருந்து கயிறு பிடி!" இரும்புக்கடை செல்வராஜ் அண்ணன். கடையில் விற்க வைத்திருந்த தார்ப்பாய்களைச் சுமந்துகொண்டு நனைந்தபடி நின்றார். நாங்கள் மாடிக்கம்பியில் ஒரு முனையைக் கட்டினோம். எதிர்வீட்டு மாடியில் மறு முனையை இழுத்துக் கட்டினார்கள். தெரு குறுகல் என்பதால் கையெட்டும் தூரம்தான். அதைப் பார்த்துவிட்டுப் பாத்திரக்கடைக்காரர் தம் லாரி மூடும் பாயைக் கொண்டுவந்தார். நாட்டு மருந்துக்கடை அம்மாள் மிளகாய் காயவைக்கும் விரிப்பைக் கொடுத்தார். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முடிச்சுப் போட்டேன். ஒன்பதரை மணிக்கெல்லாம் முக்கிலிருந்து எங்கள் படி வரை தெருவுக்கே கூரை வந்துவிட்டது. சமையல்காரர் பிரியாணித் தேக்சாவை அதன் ஓரத்திலேயே அடுப்பில் ஏற்றினார்.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை கார் முக்கில் நின்றது. அவர் இறங்கி, மேலே பார்த்தார். சிரித்துக்கொண்டே நடக்கத் தொடங்கினார். இரண்டு பக்க மாடிகளிலிருந்தும் ரோஜா இதழ்கள் விழுந்தன. கடைக்காரர்கள் படியிறங்கி வந்து கைகொடுத்தார்கள். பின்னால் விரித்த குடையோடு வந்த பெரிய மாமா, பாத்திரக்கடை வந்ததும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பர்வீன் சன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிக்காஹ் முடிந்து பந்தி ஐந்து வீட்டுக் கூடங்களில் நடந்தது. செல்வராஜ் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த மாமா, அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்தபடி மெதுவாகக் கேட்டார்.

"இந்தத் தெருவுல வீடு ஏதும் விலைக்கு வருமா?"

அத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்கன யாரும் விக்க மாட்டாக" என்றார். மும்தாஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை காலை தேனி பேருந்தில் ஏறினேன். தாம்பரம் தாண்டி நான் இருக்கும் தெரு நாற்பதடி அகலம். வாசல் வரை கார் வரும். நல்ல காற்று உண்டு, அமைதி உண்டு. எதிர்வீட்டுக்காரர் பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. மழை வந்தால் அவரவர் சன்னலை அவரவர் சாத்திக்கொள்வோம்.

சின்னமனூரில் ஏறிய ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மருதாணிக் கையைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் போய்ட்டு வாரீகளா? உங்களுக்கு எந்த ஊரு?" என்றார்.

"உத்தமபாளையம்."

"அங்கன எந்தப் பக்கம்?"

"கடைத்தெரு" என்றேன். சொன்ன பிறகும் திருத்த மனம் வரவில்லை.